வீடே அரங்காக: இருவர் இசையும் இல்லப் பதிவும் (1947–2014)

முன்னுரை

இசை நிகழும் இடமும் இசைப்போரின் எண்ணிக்கையும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவரின் அமைதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. அதன் பின்னரே ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கின் அமைதியைக் கூறுகிறது. பலர் கூடி நிகழ்த்தும் கலைக்குப் பலரைத் தாங்கும் இடம் வேண்டும் என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு ஒலிப்பதிவுக்கூடங்களும் இவ்வியல்பினவாகவே இருந்தன. பாடகரும் கருவியிசைஞரும் ஒரே வேளையில் ஒரே கூடத்தில் கூடினாலன்றி ஓர் இசைத்தட்டு உருவாகாது. அக்கூடமோ நிறுவனத்தின் உடைமை.

இந்நிலை மாறி, இருவர் மட்டும் தம் வீட்டிலிருந்தபடியே ஒரு குழுவின் இசை முழுவதையும் படைத்து வெளியிடும் முறை அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் தொடக்கத்தில் நிற்பவர்கள் லெஸ் பால், மேரி ஃபோர்டு இணையர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே முறையை இணையவெளியில் கையாண்டு புகழ்பெற்றவர்கள் பாம்ப்ளமூஸ் என்னும் சார்பற்ற பாப்-ராக் இருவர் குழுவினர். பெரு நிறுவனத்தின் ஒப்பந்தத்திற்கு உட்படாமல் தாமே பதிவு செய்து தாமே விற்போரைச் 'சார்பற்றோர்' என்று இசைத்துறையினர் வழங்குவர். இவ்விரு இணையரையும் ஒப்புநோக்கி, ஒலிப்பதிவுக் கருவி வீட்டிற்குள் வந்தமை இசைஞருக்கு எத்தகைய விடுதலையை அளித்தது, எதனை அளிக்கவில்லை என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிநாடாவின் வருகை

காந்த ஒலிநாடாக் கருவி செர்மனியில் வளர்ச்சி பெற்றது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜாக் மல்லின் இத்தகைய கருவிகளைத் தாயகத்திற்குக் கொண்டுவந்து, 1946இல் சான்பிரான்சிஸ்கோவில் பொறியாளர்முன் இயக்கிக் காட்டினார். தம் வானொலி நிகழ்ச்சிகளை நேரலையாக வழங்குவதில் சலிப்புற்றிருந்த பாடகர் பிங் கிராஸ்பி இதன் பயனை விரைவில் உணர்ந்தார். கலிபோர்னியாவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இவ்வகைக் கருவிகளைச் செய்ய அவர் 50,000 டாலர் அளித்தார். 1948இல் ஆம்பெக்ஸின் முதல் ஒலிநாடாக் கருவி வெளிவந்தது.

ஒரே ஆளின் இசையை அடுக்கடுக்காகப் பதிவது ஒலிநாடாவுக்கு முன்னரே முயலப்பட்டதுதான். சிட்னி பெசே என்னும் ஜாஸ் கலைஞர் 1941இல் பல கருவிகளைத் தாமே வாசித்து ஒரே இசைத்தட்டில் இணைத்தார். பேட்டி பேஜ் 1947இல் தம் குரலுக்குத் தாமே துணைக்குரல் பாடினார். எனினும் இவை நிறுவனக் கூடங்களில் நிகழ்ந்த தனி முயற்சிகள். இதனை நாள்தோறும் வீட்டில் செய்யத்தக்க முறையாக ஆக்கியதே லெஸ் பாலின் பங்களிப்பாகும்.

லெஸ் பாலும் மேரி ஃபோர்டும்

லெஸ் பால் 1915இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கிஷா ஊரில் பிறந்தவர். கித்தார்க் கலைஞராக விளங்கியதோடு கருவிகளைப் பிரித்து மாற்றியமைப்பதிலும் இளமை முதலே ஈடுபட்டவர். 1940களின் நடுவில் ஹாலிவுட்டில் தம் வீட்டின் கார்க் கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டார். இசைத்தட்டு வெட்டும் கருவியைத் தாமே அமைத்தார். அதன் சீரான சுழற்சிக்குக் கேடிலாக் காரின் சுழற்சக்கரத்தைப் பயன்படுத்தினார். ஒரு தட்டில் வாசித்ததை ஒலிக்கச் செய்து, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டில் பதிவது அவரது முறை. 'லவ்வர்' என்னும் பாடலை எட்டுக் கித்தார்ப் பகுதிகள் கொண்டதாக இம்முறையில் 1947இல் அவர் பதிவு செய்தார். கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் அதனை 1948இல் வெளியிட்டது. சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஒலிக்கச் செய்ததால், கையால் வாசிக்க இயலாத விரைவும் ஒரு தானம் உயர்ந்த சுருதியும் அதில் கிட்டின.

மேரி ஃபோர்டின் இயற்பெயர் ஐரிஸ் கொலீன் சம்மர்ஸ். 1924இல் கலிபோர்னியாவின் எல் மாண்டியில் பிறந்த அவர், லெஸ் பாலைச் சந்திக்கும் முன்னரே நாட்டுப்புறப் பாணி இசையில் வானொலிப் பாடகியாக அறியப்பட்டிருந்தார். கித்தாரும் வாசிக்க வல்லவர். இவர் ஏற்கெனவே தேர்ந்த இசைஞராயிருந்தமை பின்வரும் செய்திகளை மதிப்பிடுவதற்கு இன்றியமையாதது.

1948 சனவரியில் ஓக்லஹோமா மாநிலத்தில் பனி உறைந்த சாலையில் இருவரும் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. லெஸ் பாலின் வலது முழங்கை நொறுங்கியது. இனி மடங்காது என்ற நிலையில், கித்தார் வாசிப்பதற்கு ஏற்ற கோணத்தில் கையை நிலைப்படுத்துமாறு அவர் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். மீண்டுவர ஓராண்டுக்கும் மேலாயிற்று. 1949இல் பிங் கிராஸ்பி அவருக்கு ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவி ஒன்றை அளித்தார். அவ்வாண்டு திசம்பரில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

ஒலிமேல் ஒலி

கிராஸ்பி அளித்த கருவியில் லெஸ் பால் செய்த மாற்றம் எளியது. ஆனால் விளைவு பெரிது. நாடாவில் உள்ள ஒலியை அழிக்கும் முனைக்கு முன்னதாக, அதனைப் படிக்கும் முனை ஒன்றைக் கூடுதலாக அவர் பொருத்தினார். நாடா ஓடும்போது பழைய ஒலி முதலில் படிக்கப்படும். புதிதாகப் பாடும் குரலோ கருவியோ அதனோடு கலக்கும். பழைய பதிவு அழிந்த இடத்தில் கலவை பதியும். ஒரே கருவி, ஒரே நாடா, இரண்டே கலைஞர்கள். ஆயினும் ஒரு குழுவின் ஒலி கிடைத்துவிடும்.

இம்முறையின் இடர்ப்பாடு அதன் இயல்பிலேயே இருந்தது. ஒவ்வொரு புதிய அடுக்கும் முந்தைய பதிவை அழித்தே உருவாவதால், பத்தாம் அடுக்கில் ஒருவர் தவறினாலும் முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். மேலும் ஒவ்வொரு படியெடுப்பிலும் பழைய ஒலி சற்றே மங்கும், இரைச்சல் கூடும். எனவே முதன்மையற்ற பகுதிகளை முதலிலும் முதற்குரலை இறுதியிலும் பதிய வேண்டியிருந்தது. முடிவில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை முதல் அடுக்கைப் பாடும்போதே இருவரும் மனத்தில் கேட்டாக வேண்டும். மேரி ஃபோர்டு முதற்குரல் இல்லாமலேயே மூன்றாம் குரலையும் இரண்டாம் குரலையும் பாடி, அவற்றோடு இறுதியில் தம் முதற்குரலைச் சொல்லும் மூச்சும் பிசகாமல் பொருத்தினார். ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று பாடும் முறையையும் இவ்விணையர் கையாண்டனர். கூடத்தின் எதிரொலி குறைந்து, காதருகே பாடுவது போன்ற தெளிவு இதனால் உண்டாயிற்று. அரங்கில் பலருக்காக உயர்த்திப் பாடும் குரல் அன்று அது, இல்லத்தின் குரல்.

இவற்றின் உச்சம் 'ஹவ் ஹை த மூன்' என்னும் பாடல். நான்சி ஹாமில்டன் இயற்றி மார்கன் லூயிஸ் இசையமைத்து, 1940ஆம் ஆண்டின் பிராட்வே நிகழ்ச்சி ஒன்றில் இடம்பெற்ற பழைய பாடல் அது. 1951 சனவரியில் நியூயார்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் தாம் குடியிருந்த வீட்டிலேயே இருவரும் அதனைப் பதிவு செய்தனர். வெளிவந்ததும் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1953இல் வெளிவந்த 'வாயா கான் தியோஸ்' பதினொரு வாரங்கள் முதலிடம் பெற்றது. வீட்டில் பதிந்த ஒலி நிறுவனக் கூடத்தின் ஒலிக்குக் குறைந்ததன்று என்பது இவ்வெற்றிகளால் நிறுவப்பட்டது.

மறைந்து நின்ற உழைப்பு

ஒரு குரல் பல குரலாக ஒலித்த வியப்பை இவ்விணையர் தம் வணிகத்தின் மறைபொருளாகவே காத்தனர். 1950இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியில், ஒலியைப் பெருக்கித் தரும் 'லெஸ்பால்வரைசர்' என்னும் கற்பனைக் கருவி ஒன்றைப் பற்றி நகைச்சுவையாகப் பேசினர். கேட்போர் அதனை மெய்யென்றே கொண்டனர். மேடையிலோ நாடாவைப் போல் அடுக்கிப் பாட இயலாது. ஆகவே தொடக்ககால மேடை நிகழ்ச்சிகளில் மேரியின் சகோதரி மறைவில் நின்று துணைக்குரல் பாடியதை லெஸ் பால் பின்னாளில் வெளிப்படுத்தினார். கருவியின் பெருமையைக் காக்க மற்றொரு பெண்ணின் குரல் மறைக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

1950களின் நடுவில் இவர்களது தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாயிற்று. நியூ ஜெர்சியின் மாவா ஊரில் இருந்த அவர்களின் வீட்டிலேயே படமாக்கப்பட்ட இந்நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஐந்து நிமிட அளவினது. வாய்கொப்புளிக்கும் மருந்தான லிஸ்டரின் இதன் விளம்பரப் பொருள். நிகழ்ச்சியின் பெயரிலேயே 'வீட்டில்' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. இல்லத்தரசியாக மேரி வீட்டு வேலைகளினிடையே பாடுவதும், கணவர் கித்தாரை எடுத்துச் சேர்ந்துகொள்வதும் அதன் அமைப்பு. காட்சியில் பாடுவது ஒரு மேரி. ஒலியில் பாடுவது பல மேரி. முன்னரே பதிந்த ஒலிக்கு வாயசைத்தலன்றி இதற்கு வேறு வழியில்லை. பார்வையாளர் கண்ட வீடு ஓய்வின் இடம். மெய்யான வீடோ பணியிடம். பிழை நேரும்தோறும் முதலிலிருந்து பாட வேண்டிய தொழிற்கூடமாக இருந்த வீடு, திரையில் கவலையற்ற இல்லமாகத் தோன்றியது.

பணியிடமும் வாழிடமும் ஒன்றாகியதன் விலையை மேரி ஃபோர்டே மிகுதியும் செலுத்தினார். 1954இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இவ்விணையர் இழந்தனர். ஓயாத பயணமும் ஓயாத பதிவும் அவருக்குச் சுமையாயின. ராக் அண்ட் ரோல் இசையின் எழுச்சிக்குப் பின் விற்பனை சரிந்தது. 1958இல் கேபிடலை விட்டுக் கொலம்பியா நிறுவனத்திற்கு மாறியும் பழைய புகழ் மீளவில்லை. 1964இல் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். மேரி ஃபோர்டு 1977இல் மறைந்தார். லெஸ் பால் 2009இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

இசைத்தட்டுகளில் இருவர் பெயரும் இணைந்தே அச்சாயின. எனினும் பிற்கால நினைவு ஒருவரையே பற்றியது. கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மின்கித்தார் லெஸ் பாலின் பெயரைத் தாங்கியது. 1988இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்திலும் 2005இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மேரி ஃபோர்டின் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. கருவியை அமைத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆனார். அக்கருவி இயலச் செய்ததைத் தம் மிடற்றால் மெய்ப்பித்தவர் துணைவியாகவே எஞ்சினார். அடுக்குப் பதிவு என்பது இயந்திரத்தின் செயல் மட்டுமன்று. தம் குரலையே துல்லியமாகப் பின்பற்றும் பாடகரின் செயலுமாகும். இவ்வுண்மை மறைபொருளாக வைக்கப்பட்டதன் தொடர்விளைவே இந்நினைவுக் குறை எனலாம்.

இடைக்கால வளர்ச்சி

லெஸ் பாலின் விருப்பத்திற்கிணங்க ஆம்பெக்ஸ் உருவாக்கிய எட்டுத் தடக் கருவி 1957இல் அவர் வீட்டை வந்தடைந்தது. தடங்கள் தனித்தனியே இருந்தமையால் ஒன்றில் நேர்ந்த பிழை மற்றவற்றை அழிக்கவில்லை. அதன் விலை ஏறத்தாழ 10,000 டாலர். இசைஞர் பெரும்பாலோர்க்கு எட்டாத தொகை. ஆகவே அடுத்த இருபது ஆண்டுகள் பலதடப் பதிவு நிறுவனக் கூடங்களுக்கே உரியதாயிற்று.

1979இல் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ, சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதிய உதவியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு அக்கருவியில் வீட்டில் பதிவானது. ஆனி லெனாக்ஸ், டேவ் ஸ்டூவர்ட் என்னும் இருவரின் யூரித்மிக்ஸ் குழு, 1983இல் வெளிவந்த 'ஸ்வீட் டிரீம்ஸ்' தொகுப்பை இலண்டனில் படங்களுக்குச் சட்டமிடும் தொழிற்கூடத்தின் மேல்தளத்தில், வங்கிக்கடனில் வாங்கிய எட்டுத் தடக் கருவியைக் கொண்டு உருவாக்கியது. தமிழ்த் திரையிசையிலும் இம்மாற்றம் எதிரொலித்தது. ஏ.ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே 1992ஆம் ஆண்டின் 'ரோஜா' படப் பாடல்கள் உருவாயின. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுடன் காரேஜ்பேண்ட் என்னும் பதிவு மென்பொருளை வழங்கியபோது, பலதடக் கருவி வீட்டுக் கணினியின் ஓர் உறுப்பாகிவிட்டது. 'கார்க் கொட்டகை இசைக்குழு' என்னும் பொருள்படும் அப்பெயர் இவ்வரலாற்றின் நினைவுச்சின்னம் போன்றது.

2005இல் தொடங்கப்பட்ட யூடியூப், பதிவுக்கு அடுத்த தடையான வெளியீட்டுத் தடையையும் தளர்த்தியது. லெஸ் பால் இணையர் தம் வீட்டில் பதிந்ததை மக்களிடம் சேர்க்கக் கேபிடல் நிறுவனத்தையும் ஒளிபரப்பு நிறுவனங்களையும் சார்ந்திருந்தனர். புதிய தலைமுறைக்கு அச்சார்பு கட்டாயமன்று.

பாம்ப்ளமூஸ்: கண்டதும் கேட்டதும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜாக் கான்டியும் நேட்டலி டானும் 2008இல் இணைந்து பாம்ப்ளமூஸ் குழுவைத் தொடங்கினர். பம்பளிமாசு இனப் பழமொன்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை ஆங்கில ஒலிப்புக்கேற்பத் திரித்து அமைத்த பெயர் அது. நேட்டலி டான் பாடுவார். பேஸ் கித்தார் வாசிப்பார். ஜாக் கான்டி பியானோ, டிரம்ஸ், கித்தார் முதலிய பிறவற்றை வாசிப்பார். பதிவும் படப்பிடிப்பும் தொகுப்பும் வீட்டு அறைக்குள்ளேயே நிகழ்ந்தன.

இக்குழுவின் தனித்தன்மை 'காணொளிப் பாடல்' என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வடிவமாகும். அதற்கு இரு விதிகள் உண்டு. காட்சியில் காண்பதே ஒலியில் கேட்பது. வாயசைப்பும் பாவனை வாசிப்பும் கூடா. ஒலியில் கேட்கும் ஒவ்வொன்றும் ஏதேனும் ஓரிடத்திலாவது காட்சியில் தோன்ற வேண்டும். மறைந்த ஒலி கூடாது.

இவ்விரு விதிகளையும் லெஸ் பால் இணையரின் தொலைக்காட்சித் தொடரோடு ஒப்பிடின் வேறுபாடு தெற்றெனப் புலப்படும். இரண்டிலும் வீடு உண்டு. ஆணும் பெண்ணுமான இருவர் உண்டு. ஒலிப்பதிவின் அடுக்குமுறையும் ஒன்றே. ஆனால் முன்னது அடுக்கை மறைத்தது. பின்னது அடுக்கையே காட்சியாக்கியது. நேட்டலி டான் மூன்று குரல்களில் பாடினால், திரை பகுக்கப்பட்டு அம்மூன்று வேளைகளில் பாடிய அவரது மூன்று முகங்களும் அருகருகே தோன்றும். மேரி ஃபோர்டின் பல குரல்கள் ஒரு முகத்துள் ஒடுங்கின; நேட்டலி டானின் பல குரல்கள் பல முகங்களாக விரிந்தன. ஒரு பாடலுக்குள் எத்தனை முறை பாடவும் வாசிக்கவும் வேண்டியிருந்தது என்பதைப் பார்வையாளர் எண்ணிக் காண இயலும். படுக்கையறையின் ஒழுங்கின்மையும் தரையில் கிடக்கும் கம்பிகளும் திரையில் தெரிந்தன. வீடு இங்கு ஓய்வின் இடமாக நடிக்கவில்லை; பணியிடமாகவே தோன்றியது.

இதனை வெறும் நேர்மைப் பண்பாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கணினியால் எவ்வொலியையும் உருவாக்க இயலும் காலத்தில், கேட்போர்க்கு ஐயம் எழுவது இயல்பு. லெஸ் பாலின் காலத்தில் வியப்பைத் தந்தது மறைபொருள். 2008க்குப் பின் வியப்பைத் தந்தது வெளிப்படை. ஒவ்வொரு காலத்திலும் அரிதாக இருப்பதே மதிப்புப் பெறுகிறது.

பாடல் உரிமையும் வருவாயும்

2009இல் பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' பாடலைத் தம் பாணியில் இவர்கள் பாடிய காணொளி பரவலாகப் பேசப்பட்டது. லெஸ் பால் இணையரைப் போலவே இவர்களும் பிறர் பாடலால் புகழ்பெற்றனர் என்பது தற்செயலன்று. அறிமுகமான பாடலாயின், கேட்போர் பாடலைக் கற்பதில் கருத்தைச் செலவிடாது, அது எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைச் சுவைப்பர். சட்டமும் இதற்கு இடந்தருகிறது. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருமுறை முறைப்படி ஒலிப்பதிவாக வெளிவந்த பாடலைப் பிறர் பாடிப் பதிந்து விற்கக் கட்டாய உரிமம் அளித்தது. சட்டம் குறித்த தொகையைச் செலுத்தினால் தனி இசைவு வேண்டியதில்லை. 2006 முதல் 2022 வரை, ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத பாடலின் ஒவ்வொரு படிக்கும் இத்தொகை 9.1 சென்ட் ஆகும். ஆனால் இவ்வுரிமம் ஒலிக்கே உரியது. காணொளிக்கு உரிமையாளரின் இசைவு தனியே வேண்டும்.

இணையத்தில் காணொளி இலவசமாகப் பார்க்கப்பட்டது. ஒலிக்கோப்பு விலைக்கு விற்கப்பட்டது. 2009இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பாடற்படிகளை இக்குழு இணையவழி விற்றது. 2010இல் ஹூண்டாய் கார் நிறுவனம் தன் பண்டிகைக்கால விளம்பரங்களில் இவர்களது காணொளிப் பாணியையே பயன்படுத்திக்கொண்டது. 1950களில் வாய்கொப்புளிக்கும் மருந்துக்கு உதவிய இல்ல இசை, 2010இல் காருக்கு உதவிற்று. விளம்பரதாரரின் தேவை இருகாலத்திலும் நீங்கவில்லை.

நேயர்களிடமே நேரடியாகப் பொருளுதவி பெறும் வழியும் இக்காலத்தில் தோன்றிற்று. நேட்டலி டான் தம் தனித்தொகுப்புக்காக 2011இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழி ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 2013இல் அத்தொகுப்பு நான்சச் நிறுவனத்தின் வழி வெளிவந்தது. விரிவான காணொளி ஒன்றைப் பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய ஜாக் கான்டி, பல்லாயிரவர் பார்த்தும் விளம்பர வருவாய் அச்செலவுக்குச் சற்றும் ஈடாகாது என்பதைக் கண்டார். இதுவே 2013 மே மாதத்தில் சாம் யாம் என்பவருடன் இணைந்து பேட்ரியான் தளத்தை அவர் தொடங்கக் காரணமாயிற்று. நேயர்கள் ஒவ்வொரு படைப்புக்கோ ஒவ்வொரு மாதத்திற்கோ தாம் விரும்பும் தொகையைக் கலைஞருக்கு வழங்குவது அதன் முறை. புரவலர் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு மன்னன் கலைஞர் பலரைப் புரந்த பழைய முறை இங்குத் தலைகீழாகி, சிறுதொகை வழங்கும் பலர் ஒரு கலைஞரைப் புரக்கும் முறையாயிற்று.

வீட்டை விட்டு வெளியேறியபோது

2014இல் பாம்ப்ளமூஸ் மேற்கொண்ட இசைப்பயணத்தின் வரவுசெலவை ஜாக் கான்டி அவ்வாண்டு நவம்பரில் பொதுவில் வெளியிட்டார். இசைத்துறை வரலாற்றுக்கு இது மதிப்பு மிக்க ஆவணம். 28 நாள்களில் 23 நகரங்களில் 24 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. நுழைவுச்சீட்டு வருவாய் 97,519 டாலர். சட்டை, இசைத்தட்டு முதலியவற்றின் விற்பனை 29,714 டாலர். விளம்பர ஆதரவு 8,750 டாலர். ஆக மொத்தம் 135,983 டாலர். செலவோ 147,802 டாலர். இழப்பு 11,819 டாலர்.

செலவினங்களுள் மிகப்பெரியது உடன் வந்த இசைஞர்க்கும் பணியாளர்க்கும் வழங்கிய ஊதியமும் நாட்படியுமாகும். அது 48,094 டாலர். வீட்டில் இருவரே போதும். அடுக்குப் பதிவு அவர்களைப் பலராக்கும். மேடையிலோ ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆள் வேண்டும். மேரி ஃபோர்டின் சகோதரியை மறைவில் நிறுத்திய அதே இடர்ப்பாடு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் கணக்கேட்டில் வெளிப்படையாகத் தோன்றியது. ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. முன்னவர் மறைவில் நின்றார். பின்னவர்கள் மேடையில் நின்றனர், அவர்தம் ஊதியமும் கணக்கில் எழுதப்பட்டது. காணொளிப் பாடலின் விதி கணக்கேட்டுக்கும் நீண்டது எனலாம்.

இப்பதிவு சிலரால் குறைகூறவும் பட்டது. பேட்ரியான் தளத்தின் நிறுவனரே இழப்புக் கணக்கை வெளியிடுவது தம் தளத்திற்கான விளம்பரம் என்பது அவர்கள் கருத்து. இக்குறைகூறல் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. சார்பற்ற இசைஞர் இசைத்தட்டு நிறுவனத்தைச் சாராதிருக்கலாம். ஆனால் தளத்தைச் சார்ந்தே நிற்கிறார். அத்தளத்தின் உரிமையாளராகும் வாய்ப்பு அவருள் மிகச் சிலர்க்கே கிட்டுகிறது.

2016இல் ஜாக் கான்டியும் நேட்டலி டானும் மணம் புரிந்துகொண்டனர். பின்னைய ஆண்டுகளில் இக்குழு பிற இசைஞரையும் அழைத்து, ஒலிப்பதிவுக்கூடத்தில் அனைவரும் ஒரே வேளையில் வாசிக்கும் காணொளிகளை மிகுதியாக வெளியிடலாயிற்று. அடுக்குப் பதிவால் இருவராகச் சுருங்கிய குழு மீண்டும் பலராகியமை, சேர்ந்திசைத்தலின் தேவையைக் கருவி முற்றிலும் போக்கிவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஒலிப்பதிவுக் கருவி வீட்டிற்குள் வந்தமை இசைஞருக்குக் காலத்தின்மீது உரிமையைத் தந்தது. கூடத்தின் வாடகை மணிக்கணக்கிற்கு அஞ்சாமல் பிழைத்துத் திருத்தும் வாய்ப்பு அது. 'ஹவ் ஹை த மூன்' போன்ற ஆக்கங்கள் இவ்வுரிமையின் விளைவுகள்.

இரண்டாவது, அதே கருவி உழைப்பை மறைக்கவும் செய்தது. பாடகரின் திறன் இயந்திரத்தின் வியப்பாகக் கொள்ளப்பட்டபோது, மேரி ஃபோர்டின் பங்கு வரலாற்று நினைவில் மங்கியது. இருவர் இசையின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் வரலாற்றை மட்டும் எழுதின், இக்குறை தொடரும்.

மூன்றாவது, பாம்ப்ளமூஸ் வகுத்த இரு விதிகள் புதிய கருவி எதனையும் சார்ந்தவையல்ல. லெஸ் பால் அறிந்திருந்த அடுக்குமுறையையே மறைக்காமல் காட்டுவது என்னும் முடிவு அது. உழைப்பு கண்ணுக்குத் தெரிவது கருவியின் கொடையன்று, கலைஞரின் தேர்வு.

நான்காவது, பதிவும் வெளியீடும் வீட்டிற்கு வந்துவிட்ட பின்னும் சந்தை வீட்டிற்கு வெளியிலேயே நிற்கிறது. நிறுவனத்தின் இடத்தை விளம்பரதாரரும் தளமும் பிடித்தனர். 1951இல் ஓர் இணையர் உலகிற்கு மெய்ப்பித்தது, நல்லிசைக்குப் பெருங்கூடம் இன்றியமையாததன்று என்பது. 2014ஆம் ஆண்டின் கணக்கேடு மெய்ப்பித்தது, அவ்விசையால் வாழ வீடு மட்டும் போதாது என்பது. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பதே இல்ல இசையின் வரலாற்றை முழுமையாகக் காண்பதாகும்.